இயந்திரம் பிசையட்டும், ஓவன் சுடட்டும்

இத்தாலிய ரொட்டியை வீட்டு பிரெட் மெஷினில் செய்ய முடியுமா? பாதி வேலையைத் தாராளமாக அதனிடம் ஒப்படைக்கலாம். அந்த ரொட்டிக்கு மணம் கொடுப்பது நேரம். இத்தாலிய பேக்கரிகளில் முதல் நாளே மாவு, தண்ணீர், சிட்டிகை ஈஸ்ட் மூன்றையும் கெட்டியாகக் கலந்து ‘பிகா’ தயாரித்து வைப்பார்கள். 12 முதல் 16 மணி நேரம் அது மெல்லப் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்களே சுவைக்கு அடிப்படை. மறுநாள் மீதி மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் சேர்த்து, மெஷினை மாவு பிசையும் நிலையில் வைத்தால், பிசைந்து, இளஞ்சூட்டில் உப்ப வைத்தும் தந்துவிடும்.

இயந்திரம் புகுந்தால் மரபு கெடும் என்று சிலர் சொல்லலாம். ஆனால் இத்தாலியின் அடையாளமாகிவிட்ட சபாட்டா ரொட்டியே 1982-இல் அட்ரியா நகரில் அர்னால்டோ கவல்லாரி உருவாக்கியதுதான். கையில் ஒட்டிக்கொள்ளும் அதன் தளர்ந்த மாவைப் பிசைய இயந்திரமே வசதி. அப்படியானால் சுடுவதையும் அதிலேயே முடிக்கலாமே? அங்கேதான் சிக்கல். மூடிய சிறு பாத்திரத்தில் மேலோடு மொறுமொறுப்பாகாது. உப்பிய மாவை வெளியே எடுத்து, நீளமாக உருட்டி, மறுபடி உப்பவிட்டு, 220 டிகிரி செல்சியஸ் சூடேறிய ஓவனில் வையுங்கள். முதல் 10 நிமிடம் உள்ளே நீராவி இருக்கட்டும். அடிப்பக்கம் தட்டினால் ‘டொக்’கென்று கேட்கும்போது ரொட்டி வெந்திருக்கும். உழைப்பை இயந்திரத்துக்குக் கொடுங்கள். புளிக்கும் நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள்.