ராப் அரங்கில் துணைக்குரல்

அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே தோன்றி இன்று உலகெங்கும் பரவி நிற்கும் ராப் என்னும் பாட்டுவகையை நம் கல்லூரி மாணவரிற் பலர் அறிவர். தாளத்தின்மேற் சொற்களை எதுகையும் இயைபும் பொருந்த விரைந்து உரைப்பதே அதன் இயல்பு. கைப்பேசியில் அதனைக் கேட்போர்க்குப் பெரும்பாலும் உரைப்பவர் ஒருவரே புலனாவர். அரங்கிற் காண்போர்க்கோ பிறிதொருவரும் புலனாவர். தலைமைப் பாடகர் ஓரடியை முடிக்குங்கால் அதன் ஈற்றுச் சொல்லைத் தாமும் உடன் கூவுவார்; இடையிடையே கூட்டத்தாரை விளிப்பார்; மேடையின் ஒரு கோடியினின்று மறுகோடிக்கு ஓடுவார். இவரை அந்நாட்டார் ஹைப்மேன் என்று அழைப்பர். தமிழில் இவரை எச்சொல்லால் வழங்குவதென யான் சிறிது மயங்கினேன். கட்டியங்காரர் எனலாமோ எனின், கட்டியங் கூறுவோர் தலைவன் தோன்றியதும் ஒதுங்கிவிடுவர். இவர் இறுதிவரை ஒதுங்குவதில்லை. பின்பாட்டுக்காரர் எனின், இவரிடம் பாட்டினும் கூவலே மிகுதி. ஆதலின் துணைக்குரலோர் என்றே இக்கட்டுரையில் வழங்குகின்றேன். இதனினும் பொருந்திய சொல்லை அறிந்தோர் கூறுவாராயின் மகிழ்வுடன் ஏற்பேன்.

உண்மையைக் கூறின், துணைக்குரலோரைப்பற்றி முதலில் யான் கொண்ட எண்ணம் உயர்ந்ததன்று. விடுதியில் நண்பரொருவர் பப்ளிக் எனிமி என்னும் குழுவினரின் பழைய அரங்கக் காட்சியொன்றைக் காட்டினார். ஒருவர் நாட்டு மக்களின் துயரை இடிமுழக்கம் போன்ற குரலில் எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். அவரருகே, சுவரில் மாட்டத்தகும் பெரியதொரு கடிகாரத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மற்றொருவர் துள்ளித் திரிந்தார். “இத்துணைச் சீரிய பொருளுக்கு இக்கோமாளி எதற்கு?” என்று யான் நகைத்தேன். நண்பர் மறுமொழி கூறாது, “மறுபடியும் பாரும்” என்றார். மறுமுறை பார்த்தபோது மேடையை விடுத்துக் கூட்டத்தை நோக்கினேன். முழக்கம் செய்தவர் கூறியதைக் கூட்டம் கேட்டது. கடிகாரம் அணிந்தவர் கூறியதைக் கூட்டம் செய்தது. அவ்வேறுபாடு என் நகைப்பை அடக்கிற்று. அதன்பின் இத்துணைக்குரலின் வரலாற்றை ஆராயப் புகுந்தேன். புகுந்து கண்டது யாதெனின், துணை என்று யாம் கருதும் இக்குரலே ராப் குடும்பத்தில் மூத்த குரல் என்பது.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாளிகையின் பொதுக்கூடத்தில் ஒரு நடன விருந்து நிகழ்ந்தது. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பொருள் வேண்டிச் சிண்டி காம்ப்பெல் என்னும் பெண் அதனை ஏற்பாடு செய்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட்டு, ஆண்களுக்கு 50 சென்ட்டு. இசைத்தட்டுக்களைச் சுழற்றியவர் அவர்தம் தமையனாராகிய கூல் ஹெர்க். ஜமைக்காத் தீவிற் பிறந்து இளமையில் அமெரிக்காவிற்குக் குடியேறியவர் இவர். தட்டிலுள்ள பாட்டு முழுவதையும் விடுத்து, தாளக்கருவிகள் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை இரண்டு தட்டுக்களைக்கொண்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது இவர் கண்ட உத்தி. அவருடைய விருந்துகளில் கோக் லா ராக் என்னும் நண்பர் ஒலிபெருக்கியைக் கையிற்கொண்டு, வந்திருந்த தோழரைப் பெயர்சொல்லி அழைத்தும், ஆடுவோரை ஊக்கியும் சிறு சிறு தொடர்களை எறிந்தார். இவரையே இக்கலையின் முதல் உரையாளர் எனப் பலரும் மதிப்பர். அவர் கூறியவை நெடும்பாடல்களல்ல. கூட்டத்தை நோக்கிய விளிகளே. விளி முந்திற்று, பாட்டுப் பிந்திற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவர்க்குச் சற்றுப் பின்னர் அதே பகுதியில் விளங்கிய கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்பாரின் வரலாறு இதனை இன்னும் தெளிவுறுத்தும். தட்டுக்களைக் கையாளுவதில் இவர்தம் விரைவும் நுண்மையும் பெரிது. ஆனால் அத்திறமையே அவர்க்கு இடையூறாயிற்று. ஆட வந்தோர் ஆடுதலை மறந்து, அவர் கைகளையே நோக்கிக்கொண்டு மரம்போல் நின்றனர்! நடன விருந்தில் மக்கள் அசையாது நிற்பராயின் அதனினும் பெரிய தோல்வி யாதுளது? ஆதலின் கூட்டத்தை மீண்டும் இயக்குதற்குரிய குரலொன்றை அவர் நாடினார். அவ்வாறு வாய்த்தவர் கௌபாய் என்னும் பெயர் பூண்ட இளைஞர். கைகளை வானில் உயர்த்தி அசைக்குமாறும், தாம் சொல்வதைத் திருப்பிச் சொல்லுமாறும் கூட்டத்தாரை ஏவுவதில் அவர்க்கு இணையில்லை என்பர். இன்று உலகில் எந்த மூலையில் ராப் அரங்கு நிகழினும் கேட்கப்படும் விளிகள் பல அக்காலத்துப் பிராங்க்ஸ் விருந்துகளில் இவர்போல்வாரின் வாயிற் பிறந்தவையே.

கௌபாய்க்குப்பின் மெலி மெல் முதலியோர் சேர்ந்து ஐவராயினர். இவர்களோடு விளியின் இடையிடையே கதையும் கருத்தும் புகுந்து நீண்டன. பின்னர் இசைத்தட்டுக் கம்பெனிகள் வந்தன. 1982-இல் அக்குழுவின் பெயரால் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ‘தி மெசேஜ்’ என்னும் பாடலில் வறிய தெருக்களின் வாழ்வை உரைப்பவர் மெலி மெல்லும், குழுவிற் சேராத டியூக் பூட்டி என்பவருமே. கௌபாய்க்கு அதன் பாட்டுப் பகுதியில் இடமில்லை. குற்றம் எவர்மீதுமில்லை. அறைக்குள்ளே கூட்டமில்லை, கூட்டமில்லாவிடத்துக் கூட்டத்தை விளிப்போர்க்கு வேலை யாது? ஆயினும் மூத்தவர் வீட்டிலேயே விருந்தினராயது போன்ற இந்நிகழ்ச்சி எனக்கு வருத்தந் தருகின்றது. கௌபாய் 1989-இல் இளமையிலேயே இறந்தார். 2007-இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அக்குழு ஹிப் ஹாப் கலைஞருள் முதலாவதாகச் சேர்க்கப்பட்டபோது அவர் இல்லை.

பிராங்க்ஸ் விருந்துகட்கு முன்னும் இதற்கு வேர் உண்டு. கறுப்பின மக்களின் தேவாலயங்களிற் போதகர் ஒரு வாக்கியம் கூறி நிறுத்த, சபையார் ‘ஆமேன்’ என்றும் பிறவாறும் விடைகூறுவர். அவ்வாறு உரக்க விடையளிக்கும் முதியோர் அமரும் பக்கத்திற்கு ‘ஆமேன் மூலை’ என்றே பெயர். போதகரின் உரை அவ்விடைகளால் சூடேறும். அவை இல்லையேல் தணியும். இவ்வழக்கம் கோயிலினின்று இசையரங்கிற்குச் சென்றது. ஜேம்ஸ் பிரவுன் பாடுங்கால் பாபி பேர்டு அருகினின்று விடைக்குரல் கொடுத்தார். அவர்தம் அரங்குகளில் டானி ரே என்பவர் தலைவரைக் கட்டியங்கூறி அழைத்ததோடமையாது, களைத்து முழந்தாளிட்டு விழுந்தார்போல் நடிக்குங்கால் தோளிற் போர்வையைப் போர்த்தி அழைத்துச் செல்ல முயலுவார். பிரவுன் அதனை உதறியெறிந்து மீண்டும் ஒலிபெருக்கிக்கு ஓடுவார். போர்வையை ஏந்தியவர் ஒரு சொல்லும் பாடுவதில்லை. எனினும் அவரின்றி அக்காட்சியில்லை.

நிற்க. துணைக்குரலோரின் தொழில் நுட்பம் யாதெனக் காண்போம். அது முதலாவதாக மூச்சைப் பற்றியது. பாடுவோர்க்கு நெடிலை நீட்டுமிடத்தும் இசைக்கருவி ஒலிக்குமிடத்தும் மூச்சுவாங்க இடமுண்டு. ராப் உரைப்போர்க்கு அவ்வசதி மிகக் குறைவு. எமினெம் என்பவர் 2013-இல் வெளியிட்ட ‘ராப் காட்’ என்னும் பாடலில் 6 நிமிடம் 4 விநாடியில் 1,560 சொற்கள் உள்ளனவென்று கின்னஸ் பதிவு கூறும். ஒரு விநாடிக்கு நான்கு சொற்களுக்கும் மேல்! அறையில் இதனைத் துண்டு துண்டாகப் பதியலாம். மேடையிலோ, ஓடியாடிக்கொண்டு, ஒன்றரை மணிநேரம் இவ்வாறு உரைத்தல் ஒரு நெஞ்சால் இயல்வதன்று. ஓரடியில் நான்கு தட்டு எனின், இயைபுச்சொல் பெரும்பாலும் நான்காந் தட்டில் விழும். அவ்விடத்தில் துணைக்குரலோர் அச்சொல்லை ஏற்றுக்கொள்வர். அவ்வரைத்தட்டிலே தலைவர் மூச்சை உள்ளிழுத்து அடுத்த அடிக்குச் செல்வர். கேட்போர்க்கும் இதனால் நன்மையுண்டு. பேரொலியில் முன்னைய சொற்கள் தெளியாவிடினும் இயைபுச்சொல் இருகுரலால் இரட்டித்து வந்து செவியில் தைக்கும். அடியின் எல்லை விளங்கும்.

இது எளிதென எண்ணற்க. தலைவரின் பாடல்கள் அனைத்தும் துணைவர்க்கு மனப்பாடமாயிருத்தல் வேண்டும். எச்சொல்லைத் தொடவேண்டும் என்பதினும் எதனைத் தொடலாகாது என்பதை அறிவதே அரிது. குரலும் மாறுபட்டிருத்தல் நன்று. ஒத்த குரலாயின் இரண்டும் கலங்கிச் சேறாகிவிடும். பாடகரின் நண்பர் பத்துப்பேர் மேடையேறி ஆளுக்கொரு ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்தும் காட்சிகளும் உள. அவற்றைக் கேட்டால் துணைக்குரலின் அருமை அதன் இன்மையினும் அதன் மிகுதியால் நன்கு விளங்கும்.

இனிப் பப்ளிக் எனிமிக்கு வருவோம். முழக்கக்குரலுடையவர் சக் டி. கடிகாரம் அணிந்தவர் ஃபிளேவர் ஃபிளேவ். 1986-இல் டெஃப் ஜாம் என்னும் இசைத்தட்டுக் கம்பெனி இவர்களை ஒப்பந்தம் செய்யவிருந்தபோது, ஃபிளேவர் ஃபிளேவின் பணி யாதென அக்கம்பெனியினர் வினவினர். சக் டி ஒருவரே போதும் என்றும் கருதினர். யான் விடுதியிற் கேட்ட கேள்வியையே அவர்களும் கேட்டனர் என்றறிந்து சிறிது ஆறுதல் பெற்றேன். சக் டியும் குழுவின் இசையமைப்பாளர் ஹாங்க் ஷாக்லியும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவருமே ஒப்பந்தம் பெற்றனர். அம்மேடையை நோக்குங்கால் அவர்தம் உறுதியின் காரணம் விளங்கும். சக் டியின் குரல் தாழ்ந்து கனத்தது. ஃபிளேவின் குரல் உயர்ந்து கீச்சிடுவது. பின்னே போர்வீரர் உடையில் அணிவகுத்து நிற்போர் சிலர். தட்டுக்களைச் சுழற்றும் டெர்மினேட்டர் எக்ஸ் வாய்திறவாதவர். இவ்வளவு இறுக்கத்தினிடையே நகைப்புக்குரிய ஒருவர் இல்லையாயின் கூட்டம் அஞ்சிப் பின்வாங்கும். சினமும் நகையும் அருகருகே நிற்றலால் சினத்தை மக்கள் தாங்கிக் கேட்டனர். அந்நகைப்பாளரே 1990-இல், கறுப்பின மக்கள் வாழுந் தெருக்களுக்கு நோயாளர் வண்டி காலத்தில் வாராமையை இகழ்ந்து ‘911 இஸ் எ ஜோக்’ என்னும் பாடலைத் தாமே முதற்குரலாக நின்று பாடினார்.

துணைக்குரலினின்று முதற்குரலாக உயர்ந்தோர் பிறரும் உளர். ஜே-சி இளமையில் பிக் டாடி கேன் என்பாரின் அரங்குகளில், அவர் உடைமாற்றச் செல்லும் இடைவெளியில் உரைத்து நின்றவர். டூபாக் ஷகூர் டிஜிட்டல் அண்டர்கிரௌண்ட் குழுவில் மூட்டை சுமந்தும் உடன் ஆடியும் தொடங்கினார். வேறு சிலர் உயர நாடாது வாழ்நாளெல்லாம் துணையாகவே நின்றனர். பஸ்டா ரைம்ஸ் அருகே நெடுங்காலம் நின்ற ஸ்பிளிஃப் ஸ்டார் அத்தகையர். இதனைத் தாழ்வு என்பார் கூற்றை யான் ஒப்புவதில்லை.

எமினெமின் மேடைத்துணைவராயிருந்தவர் ப்ரூஃப் என்னும் இளமைத்தோழர். 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பின்னர் அவ்விடத்திற்கு டெனான் போர்ட்டர் என்னும் மற்றொரு தோழர் வந்தார். அவரும் அதே நகரத்தார், அதே பழங்குழுவினர். ஊதியம் கொடுத்து எவரையும் அமர்த்திவிடக்கூடிய பொருள் உடையவர் எமினெம். எனினும் தாம் மூச்சிழக்கும் நொடியை முன்னரே அறியத்தக்க நண்பரையே அவர் அருகிற் கொண்டார்.

இக்காலத்திற் பலர் பதிந்த குரலையே அரங்கில் ஒலிக்கவிட்டு அதன்மேற் சிறிது சிறிது கூவுகின்றனர். அதாவது, பெட்டி பாட, பாடகர் தமக்குத் தாமே துணைக்குரலாகின்றனர்! மூச்சிற்காக மற்றொருவர் வேண்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் துணைக்குரலோர்க்கு வேறொரு கடமையும் உண்டு. அது கண்ணின் கடமை. தலைவரின் நினைவு சொற்களின்மேலும், கண் விளக்கொளியின் கூச்சத்திலும் இருக்குங்கால், கூட்டத்தை இடைவிடாது நோக்கும் தொழில் இவருடையது. எங்கே சோர்வு, எங்கே நெருக்கம் என்று இவரே காணல் கூடும். 2021-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் டிராவிஸ் ஸ்காட் பாடிய ஆஸ்ட்ரோவர்ல்ட் திருவிழாவில் ஏறக்குறைய 50,000 பேர் கூடினர். நெரிசலில் மூச்சுத்திணறிப் பதின்மர் இறந்தனர். அவருள் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். மேடையிலிருந்து அது தெரிந்ததா என்பது பெருவழக்காயிற்று. 2023-இல் ஜூரர்கள் எவர்மீதும் குற்றஞ்சாட்டாது விடுத்தனர். வழி, வேலி, காவல் முதலிய பலவும் அதன்கண் அடங்கியிருத்தலின் ஒருவர்மேற் பழிகூற யான் துணியேன். கூட்டத்தை எழுப்பவல்ல குரல் அதனை நிறுத்தவும் வல்லது. ஆனால் அக்குரலுடையார்க்குக் கூட்டம் கண்ணிற் பட்டாலன்றி அவ்வன்மை பயன்படுமாறில்லை.

பப்ளிக் எனிமி 1988-இல் வெளியிட்ட இரண்டாம் இசைத்தொகுதியை இப்போது அடிக்கடி கேட்கின்றேன். அது பாட்டோடு தொடங்குவதில்லை. முந்திய ஆண்டு இலண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் அவர்கள் தோன்றியபோது எழுந்த ஆரவாரத்தோடு தொடங்குகின்றது. பாடல்களுக்கிடையேயும் அவ்வாரவாரம் ஆங்காங்கே மீண்டும் எழுகின்றது. பதிவறைக்குள் இடம்பெறாத கூட்டத்தை அவர்கள் இலண்டனிலிருந்து நாடாவிற் கொண்டுவந்து தட்டினுள் அமர்த்தியிருக்கின்றனர்.