பூர்விக ஊரைத் தேடி

"தாத்தாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், மலாக்கா மாநிலத் தமிழ் மாணவர் ஒருவர் ஜாசின் என்றோ அலோர் காஜா என்றோ கூறக்கூடும். அந்தத் தாத்தாவின் தந்தை எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால், "இந்தியா" என்ற ஒரு சொல்லோடு விடை நின்றுவிடும். அச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சிற்றூரும் ஒரு குடும்பமும் இருக்கின்றன.

1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளில் அவரும் ஒருவர். தோட்டங்கள் பெருகியபோது, கங்காணிகள் தமிழகத்திலுள்ள தங்கள் ஊர்களுக்குச் சென்று உறவினரையும் அண்டை ஊராரையும் அழைத்து வந்தனர். அவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். தொழிலாளர்களை இவ்வாறு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்குமுன் பெரியவர்களாக வந்தவர்களிடம் இன்று நேரில் கேட்க இயலாது. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் இப்போது முதியவர்கள்.

குடும்ப வரலாற்றைத் தேடும் வழி நாட்டுக்கு நாடு மாறுபடும். சுவிட்சர்லாந்து நாட்டவரின் கடப்பிதழில் பிறந்த ஊருக்குப் பதிலாகக் குடும்பத்தின் பூர்விக ஊரே குறிக்கப்படுகிறது. தேடுபவர் அந்த ஊரின் பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். தமிழரிடமோ தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. தந்தையின் பெயரே உடன் வருகிறது. எனவே, பெயரோடு வேறு தடயங்களும் தேவை.

முதல் தடயம், வீட்டிலுள்ள பழைய ஆவணங்கள். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, கடப்பிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடித உறையின் அஞ்சல் முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கலாம். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருக்கும். அதை உரக்கப் படித்தால் உண்மையான பெயர் பிடிபடலாம்.

இரண்டாவது, குலதெய்வம். ஊர்ப்பெயரை மறந்த குடும்பம்கூட குலதெய்வத்தின் பெயரை நினைவில் வைத்திருக்கலாம். குலதெய்வக் கோயில் பெரும்பாலும் பூர்விக ஊரிலோ அதன் அருகிலோ இருக்கும். பங்காளிகள் அங்குக் கூடுவதுண்டு.

மூன்றாவது, பழைய லயத்து அண்டை வீட்டார். கங்காணி தம் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஆள் சேர்த்ததால், அடுத்த வீட்டாரின் ஊர் நம் முன்னோரின் ஊருக்கு அருகில் இருக்கக்கூடும்.

ஊர்ப்பெயர் கிடைத்தாலும் மாவட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். பழைய தாளில் "சேலம் ஜில்லா" என்றிருக்கும் ஊர், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கலாம். நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமானது.

தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டபோது பல குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. அவ்வாறு பெயரும்போது பழைய தாள்கள் எளிதில் தொலைந்துவிடும். அந்நிலையில் முதியவர்களின் நினைவே முக்கிய ஆதாரமாகிறது. அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். தாத்தாவின் ஊரோடு பாட்டி பிறந்த ஊரையும் கேட்க வேண்டும். பலர் அதைக் கேட்க மறந்துவிடுகின்றனர். காப்பகத்திலுள்ள ஆவணங்களைப் பிறகும் தேடலாம். பாட்டியிடம் இன்றே கேட்க வேண்டும்.