குடும்பப் போட்டிக்கு மூன்று சுற்றுகள்

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்தை மட்டும் நம்பிப் போட்டி வைத்தால் அவர்கள் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஆகவே தாத்தா முதல் பேரன் வரை சேர்ந்த நான்கு குடும்ப அணிகளுக்கு, பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலிருந்து மூன்று சுற்றுகளை எடுத்துக் கோக்கலாம் என்பது என் யோசனை.

முதலாவது, பி.பி.சி. 1972-இல் தொடங்கிய 'மாஸ்டர்மைண்ட்' பாணி. பெரியவர் ஒருவர் தமக்குப் பிடித்த பொருளில் இரண்டு நிமிடம் பதில் சொல்லட்டும். இருவர் சமமாக வந்தால், 'பாஸ்' குறைவாகச் சொன்னவரே முந்தியவர்.

இரண்டாவது, பிரிட்டனில் 1982-இல் வந்த 'கவுண்ட்டவுன்' எண் சுற்று. ஆறு எண்களைக் கொண்டு 30 விநாடியில் ஒரு மூன்றிலக்க எண்ணை எட்ட வேண்டும். 75, 50, 6, 3, 2, 1 கொடுத்து 456 கேட்டால்? 75-ஐ 6-ஆல் பெருக்கினால் 450, மூவிரண்டு ஆறு, கூட்டினால் 456. இதற்கு எழுத்தே வேண்டாம்!

மூன்றாவது, ஜீ டிவி 1993-இல் வீடுதோறும் கொண்டுபோன அந்தாக்ஷரி. காதால் கேட்ட தமிழ்ப் பாட்டு போதும்.

சூட்சுமம் மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. பாட்டில் ஓர் அணி 90 வாங்கலாம். எண் கணக்குக்கு உச்சமே 10. அப்படியே கூட்டினால் பாட்டு மற்றதை விழுங்கிவிடும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் பிடித்த இடத்துக்கு மட்டும் 4, 3, 2, 1 என்று கொடுங்கள். அப்போதுதான் பேரன் போட்ட கணக்கும் தாத்தா சொன்ன பதிலும் ஒரே எடை பெறும்.