பேர் நின்ற பிறகு எந்தக் கூரை?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அறுபதை நெருங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் மலை ஏற மறுக்கிறது. இன்னும் சில மாதங்களில் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பேர் நின்றுவிடும். அதன் பிறகு அவர் எந்தக் கூரையின் கீழ் இருப்பார்?

கோயம்புத்தூரில் இதே கேள்விக்குச் சந்தையிலேயே பதில் உண்டு. வடவள்ளி நானா நானி ஹோம்ஸ், கோவைகேர் போன்ற முதியோர் குடியிருப்புகளில் பொதுச் சமையலறையும் தாதியரும் அவசர அழைப்பு மணியும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் 1960இல் சன் சிட்டி என்று முதியவர்களுக்காகவே ஒரு நகரம் திறக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரே ஏற்பாடுதான் இருக்கிறது. விற்க ஒரு வீடு இருக்க வேண்டும், அல்லது மாதாமாதம் ஓய்வூதியம் வர வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு இரண்டுமே இல்லை. அவர் பிறந்த லயம் என்ற வரிசைக் குடியிருப்பும் அதன் கீழுள்ள நிலமும் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றைக் குத்தகைக்கு நிர்வகிக்கின்றன. நாற்பது வருடம் குடியிருந்த காம்பராவை அடகு வைக்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் போட்டிருக்கும் வரை அங்கே இருக்கலாம் என்பதே வழக்கம்.

கையில் வரும் காசு எவ்வளவு? 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாவை வைத்துக் கணக்குப் பார்த்தால், 35 வருடம் உழைத்தவருக்கு 6,61,500 ரூபா. இதோடு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் என்று மாதாமாதம் கட்டிய பணம் அது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம். மொத்தமாகப் பார்க்கும்போது பெரிய தொகைதான். ஆனால் மகளின் கல்யாணக் கடன், மகனின் முச்சக்கரவண்டி லீசிங், நகைக்கடை அடகு என்று அந்தக் காசுக்கு வாசலிலேயே ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரே தடவையில் வருவதுதான் இந்தப் பணத்தின் பலவீனம். எழுபது வயது தாண்டிய வறியவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு மாதம் 5,000 ரூபா. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அது போதாது.

கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ இருக்கும் மகனிடம் போகலாம். பலர் போகிறார்கள், சில மாதங்களில் திரும்பியும் வருகிறார்கள். “விடியவே வேலைக்குப் போயிடுவாங்க, ராத்திரிதான் வருவாங்க. அதுவரைக்கும் சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்” என்பதுதான் திரும்பி வந்த அம்மாமார் சொல்வது. லயத்தில் அடுத்த காம்பராக்காரி சுவருக்கு அப்பாலிருந்து “சாப்பிட்டியா அக்கா?” என்று கேட்பார். கொழும்பு வாடகை அறையில் அப்படிக் கேட்க ஆளில்லை. முதியோர் இல்லங்களைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. யாருமற்றவர்களுக்கு அவை உயிர்காக்கும் இடங்கள். ஆனால் கோயிலும் சங்கமும் மரண வீட்டுக்கு ஓடிவரும் சனமும் உள்ள ஒருவரைத் தோட்டத்திலிருந்து பிடுங்கி அங்கே நடக்கூடாது.

இந்த மண்ணின் முதியவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இடம்பெயர்ந்தவர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அண்ணனைக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பிவிட்டுத் தங்கையை இங்கே நிறுத்தியது. 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், அதைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். கடைசிக் காலத்தில் இவர்களை இன்னொரு முறை மூட்டை கட்டச் சொல்வது அநியாயம்.

ஆகவே என் தீர்ப்பு இது: மலையகத்து முதியவருக்கு நல்ல ஓய்வுக்கால ஊர் அவர் வாழ்ந்த தோட்டமேதான். அதற்கு அந்தத் தோட்டத்தில் அவருக்கு உரிமை வேண்டும்.

அந்த உரிமையின் பெயர், தனி வீட்டுக்கென ஒதுக்கப்படும் 7 பேர்ச்சஸ் காணி. இந்திய உதவியில் கட்டப்பட்டவை உட்படப் பல தனி வீடுகள் மலையகத்தில் எழுந்திருக்கின்றன. ஆனால் சாவி கிடைத்த பல குடும்பங்களுக்கு உறுதிப்பத்திரம் கிடைக்க வருடக்கணக்கானது. உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். ஆயுளெல்லாம் கூடை சுமந்த தாயின் பெயர் இல்லாமல் தகப்பன் அல்லது மகன் பெயரில் மட்டும் வீடு எழுதப்பட்டால், விதவையான பிறகு அவர் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுவார். கணவன், மனைவி இருவர் பெயரும் வேண்டும்.

காணியின் இடத்தையும் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாத இடத்தில் அத்திவாரம் வெட்டாதீர்கள். வீட்டிலிருந்து பாதைக்கு எத்தனை படி என்றும் எண்ணிப் பாருங்கள். மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கோ, அதற்கு மேல் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நோயாளியைக் கொண்டுபோக வாகனம் வாசல்வரை வர வேண்டும். கம்பளியில் தூக்கிக்கொண்டு பாதைக்கு இறங்கும் காலம் முடிய வேண்டும்.

இலங்கையில் 65 வயதைக் கடந்தவர்கள் 2012இல் 7.9 வீதம், 2024 கணக்கெடுப்பில் 12.6 வீதம். இளையவர்கள் வெளியேறும் தோட்டங்களில் முதுமை இன்னும் கனமாகத் தெரிகிறது. தோட்டங்களில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவம் இருக்கிறது. பகலில் முதியவர்கள் கூடிச் சாப்பிட, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள ஒரு பெரியோர் மடுவம் ஏன் இருக்கக்கூடாது? முதியோர் உரிமைச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கிராம சேவகர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் இயங்குகின்றன. பிரதேச சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்த சட்டப் பிரிவும் 2018இல் திருத்தப்பட்டது. மஸ்கெலியாவுக்கு இப்போது தனிப் பிரதேச சபையே இருக்கிறது. ஆட்கள் குறைந்த மடுவமொன்றில் இரண்டு அறைகளை ஒதுக்கித் தொடங்கலாம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை மூன்றையும் இந்த வாரமே அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ராமாயி, இன்னொன்றில் ராமாய் என்றிருந்தால் பணம் மாதக்கணக்கில் இழுபடும். பேர் நிற்கும் முன்பே தொழில் திணைக்களத்துக்குப் போய்த் திருத்துங்கள். பணிக்கொடை 30 நாளுக்குள் வர வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தொழிற்சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல் எழுத்தில் கேளுங்கள், பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.