சுடாத கதிர் எவ்வாறு வேலை செய்கிறது?

கதிர்வீச்சுச் சிகிச்சையின் முதல் வாரத்தில் நோயாளிகளும் உடனிருப்போரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சூடும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை; உள்ளே உண்மையில் ஏதேனும் நடக்கிறதா?" இது நியாயமான ஐயமே. ஒரு நாளைக்கு வழக்கமாக அளிக்கப்படும் 2 கிரே அளவுக் கதிர், அது படும் திசுவின் வெப்பத்தை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட உயர்த்துவதில்லை. எனவே கதிர் புற்றுச் செல்லைச் சுட்டு அழிக்கிறது என்று எண்ணுவது பொருந்தாது. அது செல்லின் உள்ளே மூலக்கூறுகளை உடைக்கிறது. அவ்வேலையில் பெரும்பங்கு எலக்ட்ரான்களுடையது.

சிகிச்சைக் கருவியிலிருந்து வரும் எக்ஸ் கதிர் உடலில் நுழைந்ததும், அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. விரைந்து செல்லும் அவை வழியெங்கும் மேலும் பல எலக்ட்ரான்களை உதிர்க்கின்றன. பத்து இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் திசுவில் செலவாகும்போது இவ்வாறு பல்லாயிரம் எலக்ட்ரான்கள் பிறக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 30 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலே கொண்டவை. நாம் காணும் ஊதா ஒளியின் ஒரு துகள் சுமப்பது ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் என்பதை நினைத்தால், இது எத்துணைச் சிறிய அளவு என்பது விளங்கும்.

இத்தகைய மெல்லிய எலக்ட்ரான்களால் பெரிய பாதிப்பு எதுவும் நேராது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் இதனைச் சோதித்தனர். மெல்லிய படலமாகப் பரப்பிய டி.என்.ஏ.யின் மீது, வெற்றிடத்தில், 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான எலக்ட்ரான்களைச் செலுத்தினர். டி.என்.ஏ.யின் ஓர் இழையும், சில வேளைகளில் ஈரிழைகளுமே அறுந்திருந்தன.

இது எவ்வாறு இயலும்? மூலக்கூறில் காலியாக உள்ள ஓரிடத்திற்குப் பொருந்தும் ஆற்றலுடன் வரும் எலக்ட்ரான், கணநேரம் அங்கே ஒட்டிக்கொள்கிறது. விறகின் பிளவில் செருகிய ஆப்பினைப் போல, அது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. மூலக்கூறு இரண்டாகப் பிரிகிறது. இங்கே வலிமையைவிடப் பொருத்தமே முக்கியம். இதனுடன், உடலிலுள்ள நீர் மூலக்கூறுகள் உடைந்து உண்டாகும் வினைமிகு துண்டுகளும் டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன.

சிலருக்குக் கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் மருந்தும் அளிக்கிறோம். அம்மருந்து டி.என்.ஏ.யுடன் பிணைந்திருக்கும்போது மெல்லிய எலக்ட்ரான்கள் உண்டாக்கும் முறிவுகள் அதிகரிப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இரண்டையும் சேர்த்து அளிப்பதால் கிடைக்கும் பயனுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அறுந்த இழைகளை ஒட்டவைக்கும் ஆற்றல் எல்லாச் செல்களுக்கும் உண்டு. நலமான செல்கள் அதனைப் பெரும்பாலும் செம்மையாகச் செய்கின்றன. புற்றுச் செல்கள் பலவற்றில் அத்திறன் குறைந்துள்ளது. ஆகவேதான் முழு அளவையும் ஒரே நாளில் தராமல், பல நாட்களுக்குப் பகுத்துத் தருகிறோம். இடைவேளையில் நலமான திசு தன்னைச் சீர்செய்துகொள்கிறது. ஆனால் இடைவேளை நீண்டால் எஞ்சிய புற்றுச் செல்களும் பெருகத் தொடங்கும். "இன்று உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒரு நாளைத் தவறவிடாதீர்கள். வர இயலாத நிலை ஏற்பட்டால் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். ஈடுசெய்யும் வழியை மருத்துவர் வகுப்பார்.

இன்னோர் அச்சத்தையும் போக்க விரும்புகிறோம். வெளியிலிருந்து கருவியின் வழியே தரப்படும் எக்ஸ் கதிர்ச் சிகிச்சையில், கருவி நின்றதும் கதிரும் நின்றுவிடுகிறது. உதிர்ந்த எலக்ட்ரான்கள் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த பொழுதில் அடங்கிவிடுகின்றன. உடலில் கதிர் எதுவும் தங்குவதில்லை. வீடு திரும்பியதும் குழந்தையைத் தயங்காமல் மடியில் வைத்துக்கொள்ளலாம். கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தும் சிகிச்சைகளுக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. அவற்றை உங்கள் மருத்துவர் விளக்குவார்.

முறிவுகளின் விளைவு, செல்கள் பிரிய முற்படும்போதே பெரும்பாலும் வெளிப்படும். தோல் சிவத்தலும் களைப்பும் சில வாரங்கள் கழித்துத் தோன்றுவதும், கட்டி மெல்லச் சுருங்குவதும் இதனாலேயே. அத்தகைய மாற்றம் எதையேனும் கண்டால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே எங்களிடம் கூறுங்கள்.