ரோட்டில் தெரிவது தண்ணீர் இல்லை... குவாரியில் தெரிவது ஆழம் இல்லை!

சித்திரை வெயிலில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? முன் சீட் கிடைத்தால் கவனியுங்கள். தூரத்தில் ரோடு முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும். கிட்டே போனால் காணாமல் போகும். கானல் நீர்!

தார் ரோட்டை ஒட்டிய காற்று சூடாகி அடர்த்தி குறைகிறது. அதில் ஒளி ஒரு துளி வேகமாகப் போகும். அதனால், வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி ரோட்டைத் தொடும் முன்பே மேலே வளைந்து நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. தண்ணீர் என்று நாம் நினைப்பது, வானத்தைத்தான்.

இந்த ஏமாற்றத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. நிஜத் தண்ணீரில் ஒளி செய்யும் வேலைதான் ஆபத்தானது.

காற்றில் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளி, தண்ணீருக்குள் 2.25 லட்சமாகக் குறைகிறது. வைரத்தில் 1.24 லட்சம்தான் (வைரம் ஜொலிப்பதன் ரகசியத்தில் இதற்கும் பங்குண்டு, நகைக்கடையில் சொல்ல மாட்டார்கள்). வேகம் மாறினால் பாதையும் மாறும். தார் ரோட்டில் போகும் மாட்டுவண்டி சாய்வாக மணலில் இறங்கினால், முதலில் மணலைத் தொட்ட சக்கரம் தயங்கும், மற்றது முந்தும், வண்டி திரும்பிவிடும். ஒளிக்கும் அதே கதை.

தரையிலிருந்து கிளம்பும் ஒளி, தண்ணீரை விட்டு வெளியேறும்போது இப்படி வளைகிறது. கண்ணுக்கோ அது நேராக வந்ததாக நினைப்பு. விளைவு, நேர் மேலே நின்று பார்த்தாலே ஆழம் முக்கால்வாசியாகத்தான் தெரியும். வீடூர் அணையின் முழு உயரம் 32 அடி. அவ்வளவு தண்ணீரும் அடிவரை தெளிந்திருந்தால், 24 அடி போலத் தோன்றும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு.

வானூர், திருவக்கரைப் பக்கம் கல் எடுத்த பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கிடக்கும். ஆற்றைப் போலக் கலங்காமல் அசையாத தண்ணீர்; அடிப்பாறை தெரியும். லீவு விட்டதும் பசங்களை இழுப்பது இதுதான். 'நெஞ்சளவு, நாலரை அடிதான்' என்று கண் சொல்லும் இடத்தில் இருப்பது 6 அடி. ஐந்தடிப் பையனுக்கு அது தலைக்கு மேல். செங்குத்தாக வெட்டிய பாறையில் கால் ஊன்றவும் இடமிருக்காது.

வாயால் சொன்னால் பசங்க கேட்பார்களா? ஒரு கிண்ணத்தில் காசைப் போடுங்கள். விளிம்பு காசை மறைக்கும்வரை பிள்ளையைப் பின்னால் நகர்த்தி உட்கார வையுங்கள். மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். காசு தானாக மேலே எழும்பி வந்து தெரியும். 'எப்படிப்பா?' என்று கேட்கும்போது, குவாரிப் பேச்சை எடுங்கள்.