வீட்டில் தனித்து நாணயம் அகழ்தல்



சில மாதங்களுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். “ஐயா, வீட்டிலேயே ஒரு பொறியை வைத்துப் பிட்கொயின் அகழ்ந்தால் பணம் வருமென்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பொறி வாங்க நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். கலைப் பட்டதாரியாகிய நான் கணனி நுட்பம் கற்றவனல்லன். எனினும் பெருக்கலும் வகுத்தலும் அறிவேன். இவ்விடயத்தை எடைபோட அவையே பெரும்பாலும் போதுமானவை. அன்று அவரோடு இருந்து ஆராய்ந்தவற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

முதலில், அகழ்தல் என்பது யாது? அது மண்ணைத் தோண்டுவதன்று; ஒரு கணக்கேட்டிற் புதிய பக்கம் சேர்ப்பதாகும். பிட்கொயினுக்கு வங்கி இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைக் குறிக்கும் பேரேடு ஒன்றே உண்டு. அதன் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணனிகளில் உள்ளன. சட்டோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 ஒக்டோபர் 31ஆந் திகதி இதன் திட்டம் வெளியாயிற்று. ஏட்டின் முதற்பக்கம் 2009 ஜனவரி 3ஆந் திகதிக்குரியது. இப்பக்கங்களைத் தொகுதிகள் என்பர். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி சேர்கின்றது.

அத்தொகுதியைச் சேர்க்கும் உரிமை யாருக்கு? இங்கேதான் போட்டி. தொகுதியிலுள்ள விபரங்களோடு ஏதேனுமோர் எண்ணைச் சேர்த்து, குறித்த கணித முறைக்குள் இட்டால், மிக நீண்ட விடையெண் ஒன்று வரும். அவ்விடை குறித்த எல்லையிலும் சிறியதாயின் வெற்றி. இல்லையெனில் சேர்த்த எண்ணை மாற்றி மீண்டும் முயல வேண்டும். எந்த எண் நல்ல விடை தருமென்று முன்கூட்டி அறிய வழியில்லை. பத்துப் பகடைகளை ஒருங்கே எறிந்து, பத்திலும் ஒன்று விழக் காத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அதன் நிகழ்தகவு ஏறக்குறைய ஆறு கோடியில் ஒன்று. அங்கே கெட்டித்தனம் உதவாது. விரைந்து பலமுறை எறிவது ஒன்றே உதவும். அகழ்தலும் அத்தகையதே. ஆனால் ஒருவர் கண்ட விடை சரியா என்பதை எவரும் நொடிப்பொழுதிற் சோதித்துவிடலாம். பழைய பக்கத்தைத் திருத்த நினைப்பவன் அவ்வுழைப்பு முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டியிருப்பதால், ஏடு பொய்யின்றி நிற்கின்றது.

வெற்றி பெற்றவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகும். தொடக்கத்தில் அது 50. பின்னர் 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளிற் பாதி பாதியாகக் குறைந்து 3.125 ஆயிற்று. தொகுதியிலுள்ள கொடுக்கல் வாங்கல்களுக்குரிய கட்டணமும் அதனோடு சேரும்.

ஆரம்ப நாட்களில் வீட்டுக் கணனியே இதற்குப் போதுமாயிருந்தது. 2010 மே 22ஆந் திகதி அமெரிக்காவின் புளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெட்ஸ் என்பவர் இரண்டு பீட்சாக்களுக்கு 10,000 பிட்கொயின் கொடுத்தார். அவரும் வீட்டிலிருந்து அகழ்ந்தவரே. 2013ஆம் ஆண்டளவில் இவ்வொரு வேலைக்கென்றே ஆக்கப்பட்ட பொறிகள் சந்தைக்கு வந்தன. அதன்பின் சாதாரண கணனிக்கு அங்கே இடமில்லாது போயிற்று. பொறிகள் பெருகினால் நாணயமும் பெருகுமோ எனில், பெருகாது. ஒவ்வொரு 2016 தொகுதிகளுக்கும் ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரு வாரங்களுக்கு ஒருமுறை, போட்டியின் கடினம் தானே திருத்தப்படுகின்றது. எனவே பிறர் பொறி சேர்க்கச் சேர்க்க நமது பங்கு சுருங்கும்.

அகழ்பவர் பலர் ஒன்றுகூடி, கிடைத்த பரிசை அவரவர் உழைப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்வது ஒரு முறை. எவரோடும் கூடாது, கிடைத்தால் முழுவதும் எனக்கு, இல்லையேல் ஒன்றுமில்லை என்று நிற்பது தனித்தகழ்தல்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மேசையில் வைக்கத்தக்க பிட்அக்ஸ் போன்ற சிறுபொறி செக்கனுக்கு ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி முறை முயல்கின்றது. கேட்கப் பெரிதாயிருக்கின்றதன்றோ? ஆனால் 2025இல் உலகப் பொறிகளின் மொத்த வேகம் அதனினும் ஏறக்குறைய நூறு கோடி மடங்காயிற்று. ஆண்டொன்றுக்கு 52,560 தொகுதிகள். நூறு கோடியை அதனால் வகுத்தால், அச்சிறுபொறிக்குச் சராசரியாக 19,000 ஆண்டுகளுக்கு ஒரு தொகுதி கிட்டும். அதன் வேகத்தில் 200 மடங்குள்ள பெரும்பொறி வாங்கினாலோ, சராசரி 95 ஆண்டு; ஓராண்டிற் கிட்டும் வாய்ப்பு நூற்றில் ஒன்றளவே.

இச்சராசரியைத் தவணையென்று கொள்ளலாகாது. 95ஆம் ஆண்டில் நிச்சயம் கிட்டும் என்பதில்லை. முதல் நாளிலேயே கிட்டலாம். பத்தாண்டு ஓடிய பொறிக்கும் இன்று காலை ஓடத் தொடங்கிய பொறிக்கும் வேகம் ஒன்றாயின், அடுத்த தொகுதியில் வாய்ப்பும் ஒன்றே. சிறுபொறியாற் பரிசு பெற்றவர்களும் உளர். அவர்கள் பெயர் செய்தியாகின்றது. பெறாத பல்லாயிரவர் செய்தியாவதில்லை.

மின்சாரத்தையும் எண்ண வேண்டும். சிறுபொறி 20 உவாற்று என்று கொண்டால், மாதத்துக்கு 14 அலகுக்குச் சற்று மேல். பெரும்பொறி 3,500 உவாற்று இழுக்கும். அது மாதத்துக்கு 2,520 அலகு. துணி தேய்க்கும் மின்னழுத்திகள் மூன்றை இரவு பகல் ஓயாது வைத்தாற்போன்ற வெப்பமும், காதடைக்கும் இரைச்சலும் உண்டு. நமது 13 அம்பியர்ச் செருகி அதனைத் தாங்காது. தனி வயரிணைப்பு வேண்டும். நம் நாட்டு வீடுகளுக்கோ அலகு கூடக் கூட அலகொன்றின் விலையும் கூடும்.

இவையெல்லாம் அறிந்தும் தொடங்க விரும்புவோர் செய்யத்தக்கவை சில. முதலாவது, தமக்கென ஒரு நாணயப்பை அமைத்தல். அதன் திறவுகோலாகிய 12 அல்லது 24 சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பாதுகாக்க வேண்டும். அவற்றைக் கேட்பவர் எவராயினும் கள்வரென்றே கொள்க. இரண்டாவது, சிறுபொறியை வாங்கி வீட்டு இணையத்தோடு இணைத்து, பரிசு வந்து சேர வேண்டிய முகவரியை அதிற் பதிதல். மூன்றாவது, பேரேட்டின் முழுப்படியைத் தம் கணனியிலேயே வைத்தல். அதற்கு 600 கிகாபைற்றுக்கு மேல் இடம் வேண்டும். இயலாதோர் தனித்தகழ்வோருக்கென நடத்தப்படும் சேவையொன்றைச் சிறு கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். பரிசு கிட்டினும், அதன்மேல் நூறு தொகுதிகள் சேரும்வரை அதனைச் செலவிட இயலாது.

சட்டத்தையும் நோக்க வேண்டும். அகழ்தல் முயற்சிகளுக்கோ பரிமாற்ற நிலையங்களுக்கோ தான் அனுமதி வழங்கவில்லையென இலங்கை மத்திய வங்கி 2021இற் பொதுமக்களை எச்சரித்தது. இன்றுள்ள விதி யாதென்பதைப் பொறி வாங்குமுன் விசாரித்தறிக. “பணம் தாருங்கள், உங்களுக்காக நாங்கள் அகழ்ந்து மாதந்தோறும் இலாபம் தருவோம்” என்போரிடம் மிக எச்சரிக்கையாயிருங்கள். இத்தொழிலில் நிச்சயமான மாத இலாபம் என ஒன்று இல்லை.

ஆகவே, தனித்தகழும் சிறுபொறியை வருவாய்த் தொழிலென்று கருதாதீர்கள். அது ஓயாது சுற்றும் ஓர் அதிர்ஷ்டலாபச் சீட்டு. கூடவே நிகழ்தகவையும் கணக்கேட்டின் நேர்மையையும் கற்பிக்கும் ஒரு கருவி. இழந்தால் வருந்தாத தொகையை மட்டும் அதில் இடலாம். வீட்டாரின் சேமிப்பு அதற்குரியதன்று.

அந்த மாணவர் கணக்கைத் தம் கையாலேயே எழுதிப் பார்த்தார். நகை பெட்டியிலேயே இருக்கின்றது. தமது சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சிறுபொறியொன்று அவர் மேசையில் ஓடுகின்றது. இன்றுவரை ஒன்றும் கிட்டவில்லை. “கிட்டாது என்று தெரிந்துதானே வைத்தேன், ஐயா” என்று சிரிக்கின்றார்.